மஞ்சளுக்கென்று கண்ணில் நிறமி எதுவும் இல்லை

கேள்வி இதுதான்: கண்ணுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறமிகள் இருப்பதாகப் பள்ளியில் படித்தோம். அப்படியானால் மஞ்சள் எப்படித் தெரிகிறது? நிறக்குருடு உள்ளவர்களுக்கு எந்த நிறமி குறைகிறது? கேரட்டும் கீரையும் சாப்பிட்டால் அது சரியாகுமா?

கடைசிக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: ஆகாது. ஏன் ஆகாது என்று விளக்கப் போனால் மற்ற இரண்டையும் சொல்லியாக வேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கி வைப்போம். கண்ணின் நிறமி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கண்ணின் நடுவே கறுப்பாகவோ பழுப்பாகவோ நீலமாகவோ தெரியும் அந்த வளையம். அதில் இருப்பது மெலனின், தோலில் இருக்கும் அதே பொருள். நீலக் கண் உள்ளவர்களின் கண்ணில் நீல நிறமி எதுவும் கிடையாது. மெலனின் குறைவாக இருப்பதால் ஒளி சிதறி நீலமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். நிறம் பார்ப்பதற்கும் அந்த வளையத்தின் நிறத்துக்கும் சம்பந்தமில்லை.

நாம் பேச வேண்டிய நிறமிகள் கண்ணின் பின்சுவரில், விழித்திரையில் இருக்கின்றன. அங்கே ஒளியை வாங்கும் செல்கள் இரண்டு வகை: மங்கலான வெளிச்சத்துக்குக் குச்சி செல்கள், பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்கள். ஒரு கண்ணில் குச்சிகள் சுமார் 10 கோடி, கூம்புகள் 50, 60 லட்சம். பார்வையின் கூர்மை மிகுந்த நடுப்புள்ளியில் குச்சிகளே கிடையாது, கூம்புகள் மட்டும்தான். இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருப்பதால் வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

விழித்திரையின் நிறமி வெளிச்சத்தில் வெளுப்பதை முதலில் கவனித்தவர் ஜெர்மானிய உடலியலாளர் ஃபிரான்ஸ் போல். இருட்டில் வைத்திருந்த தவளையின் விழித்திரையை 1876-ல் வெளியே எடுத்துப் பார்த்தபோது அது நல்ல சிவப்பாக இருந்தது; வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துப்போனது. அடுத்து ஹைடல்பெர்க்கில் வில்லி கூனே இதைப் பிடித்துக்கொண்டார். இருட்டில் வைத்திருந்த முயலின் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்து, பிறகு அதைக் கொன்று, விழித்திரையைப் படிகாரக் கரைசலில் போட்டு நிலைப்படுத்தினார். ஜன்னல், அதன் கம்பிகள் எல்லாம் விழித்திரையில் படமாக விழுந்திருந்தன. கொலையுண்டவரின் கண்ணில் கொலைகாரனின் உருவம் பதிந்திருக்கும் என்று துப்பறியும் கதைகளில் வருமே, அந்தக் கற்பனைக்கு இந்த மாதிரிச் சோதனைகள்தான் தீனி போட்டன. நிஜத்தில் அது நடக்காது. கண் ஓயாமல் அசைகிறது, வெளுத்த நிறமியும் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. கூனேயின் முயலைப் போலத் தலையை அசைக்காமல் வைத்தால்தான் ஏதோ ஒரு நிழல் தங்கும்.

அந்தச் சிவப்புப் பொருள்தான் குச்சி செல்லின் நிறமியான ரோடாப்சின். அதற்கு இரண்டு பாகங்கள். ஒன்று ஆப்சின் என்ற புரதம். செல்லின் சவ்வை ஏழு முறை குறுக்கே துளைத்து நிற்கும் நீண்ட சங்கிலி. இன்னொன்று ரெட்டினல் என்ற சின்ன மூலக்கூறு. வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது. இந்த ரெட்டினல், ஆப்சினின் நடுவில் உள்ள குழிக்குள் உட்கார்ந்து, புரதத்தின் 296-ஆவது இடத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தோடு பிணைந்திருக்கிறது. விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை 1933-ல் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் வால்ட். இந்த வேதியியலை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து, 1967-ல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

ஒளியை உள்வாங்குவது ரெட்டினல்தான். இருட்டில் அது நடுவில் வளைந்த வடிவத்தில் இருக்கிறது. ஓர் ஒளித்துகள், அதாவது ஃபோட்டான், அதில் பட்டதும் அந்த வளைவு நிமிர்ந்துவிடுகிறது. இதற்கு ஆகும் நேரம் சுமார் 200 ஃபெம்டோ வினாடி. ஒரு வினாடியை 5 லட்சம் கோடித் துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு. உயிரினங்களில் நமக்குத் தெரிந்த மிக வேகமான வினைகளில் இது ஒன்று. பார்வையில் ஒளி செய்யும் வேலை இதோடு முடிந்தது. இதற்குப் பிறகு நடப்பவை எதற்கும் வெளிச்சம் தேவையில்லை, வெறும் வேதியியல்.

நிமிர்ந்த ரெட்டினல் தன்னைச் சுற்றியிருக்கும் புரதத்தை நெட்டித் தள்ள, ஆப்சினின் வடிவம் மாறுகிறது. மாறிய ஆப்சின், டிரான்ஸ்டூசின் என்ற அடுத்த புரதத்தைத் தட்டி எழுப்புகிறது; ஒன்றல்ல, பலவற்றை. அவை ஒரு நொதியை முடுக்க, அந்த நொதி சுழற்சி ஜிஎம்பி என்ற மூலக்கூறுகளை மளமளவென்று சிதைக்கிறது. செல்லின் சவ்வில் உள்ள வாயில்களைத் திறந்து வைத்திருப்பது இந்த ஜிஎம்பிதான். அது குறைந்ததும் வாயில்கள் மூடுகின்றன, உள்ளே வந்துகொண்டிருந்த மின்னோட்டம் குறைகிறது. ஒரேயொரு ஃபோட்டான் நூற்றுக்கணக்கான வாயில்களை மூட வைப்பதால் குச்சி செல் தனி ஒளித்துகளைக்கூட உணர்ந்துவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, இருட்டில்தான் இந்த செல்கள் ஓயாமல் சமிக்ஞை அனுப்புகின்றன, வெளிச்சம் பட்டால் குறைத்துக்கொள்கின்றன என்பது. நம் உள்ளுணர்வுக்கு நேர் எதிர். முதல் தடவை கேட்கிற மாணவர்கள் யாரும் இதை லேசில் நம்புவதில்லை.

சரி, நிறத்துக்கு வருவோம்.

கூம்பு செல்களில் மூன்று வகை நிறமிகள் இருக்கின்றன. ஆனால் மூன்றிலும் உட்கார்ந்திருப்பது அதே ரெட்டினல்தான், குச்சியில் இருக்கும் அதே மூலக்கூறு. சிவப்புக்கு ஒரு பொருள், நீலத்துக்கு வேறொரு பொருள் என்று கிடையாது. வேறுபடுவது சுற்றியிருக்கும் ஆப்சின் மட்டும். ரெட்டினலைத் தனியே ஒரு கரைசலில் போட்டால் அது அதிகம் உறிஞ்சுவது 380 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியின் பக்கம், அதாவது நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவின் ஓரத்தில். அதை லைசினோடு பிணைத்து ஒரு புரோட்டானையும் சேர்த்தால் 440 பக்கம் நகர்கிறது. பிறகு அந்தப் புரதக் குழிக்குள் எந்த அமினோ அமிலம் எங்கே இருக்கிறது, எது மின்னேற்றம் உள்ளது, எது இல்லாதது என்பதைப் பொறுத்து அது மேலும் நகர்கிறது. மனிதக் கூம்பு செல்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒளி பாய்ச்சி அளந்து ஜிம் பௌமேக்கரும் ஹெர்பர்ட் டார்ட்னலும் 1980-ல் வெளியிட்ட உச்சங்கள், அதாவது ஒவ்வொரு நிறமியும் மிக அதிகம் உறிஞ்சும் அலைநீளங்கள், 420, 534, 564 நானோமீட்டர். குச்சிக்கு 498.

இந்த 534-க்கும் 564-க்கும் உள்ள வித்தியாசம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? இரண்டு ஆப்சின்களும் 364 அமினோ அமிலம் நீளம். அதில் மாறுபடுவது 15 இடங்கள்தான். அந்தப் பதினைந்திலும் பெரும்பங்கு வேலையைச் செய்வது மூன்று இடங்கள்: 180, 277, 285. 564-ஐ உச்சமாகக் கொண்ட ஆப்சினில் இந்த மூன்று இடத்திலும் ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும்) உள்ள அமினோ அமிலங்கள்: செரின், டைரோசின், திரியோனின். 534-ஐ உச்சமாகக் கொண்ட ஆப்சினில் அது இல்லாதவை: அலனின், ஃபினைல்அலனின், மறுபடி அலனின். அதாவது ஒரு புரதத்தில் மூன்று இடத்தில் ஓர் ஆக்சிஜன் அணு கூடக்குறைய இருப்பதால்தான் தக்காளி காயா பழமா என்று நமக்குத் தூரத்திலிருந்தே தெரிகிறது. இந்த மரபணுக்களை 1986-ல் முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஜெரமி நாதன்ஸ். அதற்கு அவர் பயன்படுத்தியது தன்னுடைய டிஎன்ஏவையே.

இப்போது அந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். சிவப்பு நிறமி என்று நாம் படித்ததன் உச்சம் 564. அது சிவப்பே இல்லை, மஞ்சள் கலந்த பச்சை. சிவப்பு என்று நாம் சொல்வது 620-க்கு மேல். மேலும் இவை கூரான உச்சங்களும் அல்ல. ஒவ்வொரு நிறமியும் மிக அகலமான ஒரு பட்டையை உறிஞ்சுகிறது. பச்சை ஒளி போனால் 534, 564 இரண்டுமே நன்றாக வாங்கிக்கொள்ளும். ஆகவே சிவப்பு நிறமி சிவப்பைப் பார்க்கிறது, பச்சை நிறமி பச்சையைப் பார்க்கிறது என்ற பள்ளிப் பாடம் எளிமைப்படுத்தியது மட்டுமல்ல, தவறான இடத்துக்கே நம்மைக் கொண்டுபோகிறது. இனிமேல் இவற்றைக் குற்றலை (420), நடு அலை (534), நெட்டலை (564) நிறமிகள் என்றே சொல்கிறேன்.

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. நிறமி மூலக்கூறு ஒன்று ஃபோட்டானைப் பிடித்துவிட்டால், பிடித்தது என்ன அலைநீளம் என்ற தகவல் அதோடு அழிந்துவிடுகிறது. 450 ஆனாலும் 650 ஆனாலும் நிமிர்வது அதே ரெட்டினல், அதே மாதிரி. அலைநீளம் தீர்மானிப்பது பிடிபடும் வாய்ப்பை மட்டும்தான். ஓட்டுப்பதிவு எந்திரத்தைப் போல: எத்தனை ஓட்டு விழுந்தது என்பது தெரியும், எந்த ஓட்டை யார் போட்டார் என்பது தெரியாது. நடு அலைக் கூம்பில் 534-ல் 100 ஃபோட்டான் விழுந்தாலும், பிடிபடும் வாய்ப்பு பாதியாக உள்ள வேறோர் அலைநீளத்தில் 200 விழுந்தாலும் அந்த செல் சொல்லும் பதில் ஒன்றுதான். பிரிட்டிஷ் உடலியலாளர் வில்லியம் ரஷ்டன் இதை ஒரு விதியாகவே வகுத்தார். இதிலிருந்து கிடைப்பது: ஒரே நிறமி மட்டும் இருந்தால் உலகம் பிரகாசமான இடம், மங்கலான இடம் என்று மட்டுமே தெரியும். அது எவ்வளவு நல்ல நிறமியாக இருந்தாலும் சரி.

இதை நீங்கள் தினமும் அனுபவிக்கிறீர்கள். நிலா வெளிச்சத்தில் புடவையின் நிறம் தெரியாது. அப்போது வேலை செய்வது குச்சிகள் மட்டும், குச்சியில் ஒரே நிறமி. பசிபிக்கில் பிங்கெலாப் என்ற சின்னத் தீவு இருக்கிறது. 1775 வாக்கில் வந்த சூறாவளியில் தீவில் இருந்தவர்களில் வெகு சிலரே தப்பினார்கள். அவர்களில் ஒருவரிடம் இருந்த மரபணுப் பிழை வழிவழியாக வந்து, இன்று அங்கே பத்து இருபது பேரில் ஒருவருக்குக் கூம்பு செல்களே வேலை செய்வதில்லை. அவர்களுடைய குச்சியின் நிறமி முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறது. ஆனாலும் நிறம் இல்லை. பகல் வெயிலில் கண் கூசுகிறது, கறுப்பு வெள்ளையாகவே எல்லாம் தெரிகிறது.

ஆக நிறம் நிறமியில் இல்லை. இரண்டு அல்லது மூன்று நிறமிகளின் கணக்கை ஒப்பிடுவதில் இருக்கிறது. ஒப்பீடு விழித்திரையிலேயே தொடங்கிவிடுகிறது. கூம்புகளுக்கு அடுத்த அடுக்குகளில் உள்ள நரம்பு செல்கள் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றைக் கழிக்கின்றன: நெட்டலை கழித்தல் நடு அலை என்று ஒன்று, அது சிவப்பா பச்சையா என்பதற்கு, குற்றலை கழித்தல் மற்ற இரண்டின் கூட்டு என்று இன்னொன்று, அது நீலமா மஞ்சளா என்பதற்கு. மூன்று அடிப்படை உணர்விகள் போதும் என்று தாமஸ் யங் 1801-லேயே சொல்லியிருந்தார், ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதை விரிவாக்கினார். சிவப்பு கலந்த பச்சை என்று எவரும் எதையும் பார்ப்பதில்லையே, அதனால் இவை எதிரெதிர் ஜோடிகளாக இருக்க வேண்டும் என்றார் எவால்ட் ஹெரிங். இரு தரப்பும் நீண்ட காலம் சண்டை போட்டார்கள். கடைசியில் பார்த்தால் இருவரும் சரி: நிறமி மட்டத்தில் யங், அடுத்த நரம்பு மட்டத்தில் ஹெரிங்.

இப்போது மஞ்சள். 580 நானோமீட்டர் ஒளி கண்ணில் விழுந்தால் நெட்டலை, நடு அலை இரண்டும் பலமாகத் தூண்டப்படுகின்றன, குற்றலை ஏறக்குறைய சும்மா இருக்கிறது. சிவப்பு-பச்சைக் கழித்தல் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்க, நீல-மஞ்சள் கழித்தல் ஒரு பக்கம் முழுக்கச் சாய்கிறது. அந்த நிலைதான் நமக்கு மஞ்சள். இதே நிலையை வேறு வழியிலும் உண்டாக்கலாம். உங்கள் கைப்பேசித் திரையில் மஞ்சள் ஒளி தரும் புள்ளி ஒன்றுகூட இல்லை. சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மட்டும். சிவப்பையும் பச்சையையும் சேர்த்து எரிய விட்டால் இரண்டு கூம்புகளின் கணக்கும் 580-க்கு வந்த அதே விகிதத்துக்கு வந்துவிடுகிறது. கண்ணால் இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. டிவி, சினிமா புரொஜெக்டர், அச்சகத்தில் நான்கு மை என்று மொத்த வண்ணத் தொழிலும் மனிதனுக்கு மூன்று நிறமிகள்தான் என்பதை நம்பி நடக்கிறது. நான்கு நிறமி உள்ள ஒரு பறவைக்கு நம் டிவியின் வண்ணங்கள் பெரும்பாலும் கோணலாகத்தான் தெரியும்.

மெஜந்தா, அதாவது ஊதா கலந்த இளஞ்சிவப்பு, இன்னும் வேடிக்கை. வானவில்லில் அது கிடையவே கிடையாது. நெட்டலையும் குற்றலையும் தூண்டப்பட்டு நடு அலை அமைதியாக இருந்தால் வரும் நிறம் அது. தனியொரு அலைநீளத்தால் அப்படிச் செய்ய முடியாது.

நிறமிக்கு முன்னால் கண்ணில் வேறு வடிகட்டிகளும் உண்டு. கண் லென்ஸ் புற ஊதாவைத் தடுக்கிறது, வயதாக ஆக மஞ்சளித்து நீலத்தையும் வெட்டுகிறது. கண்புரை அறுவைசிகிச்சை முடிந்து கட்டவிழ்த்த பெரியவர்கள் பலர் வெள்ளை வேட்டி இவ்வளவு வெள்ளையா என்று ஆச்சரியப்படுவது இதனால்தான். அவர்களுடைய நிறமிகள் மாறவில்லை, போகும் வெளிச்சம் மாறியிருக்கிறது.

நிறக்குருட்டுக்கு வருகிறேன். நடு அலை, நெட்டலை ஆப்சின்களின் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமின் முனையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. குற்றலையின் மரபணு தனியாக 7-ஆம் குரோமோசோமில். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மரபணுக்கள் இவ்வளவு ஒத்துப்போனால் ஓர் ஆபத்து உண்டு: கருமுட்டை உருவாகும்போது இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்கையில் வரிசை தவறிப் பொருந்திவிடுகின்றன. விளைவாக ஒன்றில் ஒரு மரபணு காணாமல் போகிறது, இல்லாவிட்டால் பாதி நெட்டலை பாதி நடு அலை என்று ஒட்டுப்போட்ட கலப்பு உருவாகிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், மாற்று கிடையாது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கும் பெண்களில் அரை சதவீதம் பேருக்கும் சிவப்பு-பச்சைக் குறைபாடு இருப்பது இதனால். தாத்தாவிடமிருந்து அம்மா வழியில் பேரனுக்கு வருவதும் இதனால்தான்.

கவனியுங்கள், இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நிறமி குறைவதே இல்லை. மூன்றும் இருக்கின்றன, ஆனால் இரண்டின் உச்சங்கள் 30 நானோமீட்டர் தள்ளி இருப்பதற்குப் பதிலாக மிக அருகருகே வந்துவிடுகின்றன. கழித்தால் மிச்சம் கொஞ்சம்தான். மிச்சம் எவ்வளவு என்பதைப் பொறுத்துக் குறைபாடு லேசானதா கடுமையானதா என்று அமைகிறது. ஒரு நிறமி அறவே இல்லாதவர்கள் சிறுபான்மை.

அந்தச் சிறுபான்மையில் ஒருவர் ஜான் டால்டன், அணுக்கொள்கை தந்த அதே டால்டன். பெலார்கோனியம் பூ மற்றவர்களுக்கு இளஞ்சிவப்பாகத் தெரிய, தனக்குப் பகலில் வான நீலமாகவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வேறு நிறமாகவும் தெரிவதைக் கவனித்து, 1794-ல் மான்செஸ்டரில் ஒரு கட்டுரை வாசித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதால் சிவப்பு வடிகட்டப்படுகிறது என்பது அவர் ஊகம். இறந்த பிறகு பரிசோதித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவைத்தார். 1844-ல் அவர் இறந்ததும் மருத்துவர் ஜோசப் ரான்சம் கண்ணைத் திறந்து பார்த்தார். திரவம் தண்ணீராய்த் தெளிவாக இருந்தது. அதோடு விஷயம் முடிந்திருக்கும், ஆனால் கண்ணின் மிச்சத்தை மான்செஸ்டரில் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1995-ல் பௌமேக்கர், ஜான் மோலன் ஆகியோர் அடங்கிய குழு அதிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தது. டால்டனுக்கு இல்லாமல் போனது நடு அலை நிறமி. ஒரு அறிவியலாளரின் தவறான ஊகம் 150 வருஷம் கழித்து அவர் கண்ணை வைத்தே திருத்தப்பட்டது என்பது எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த கதை.

நடைமுறைக்கு இரண்டு குறிப்புகள். புள்ளிகளுக்கு நடுவே எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புத்தகம் ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-ல் வெளியிட்டது. அது முதல்கட்டமாகச் சலித்தெடுக்க மிக நல்ல கருவி. ஆனால் அதில் தோற்றதை வைத்து மட்டும் ஒருவரின் எதிர்காலத்தை முடிவு செய்வது நியாயமில்லை என்பது என் கருத்து. ஓட்டுநர் உரிமம் விஷயத்தில் மத்திய அரசு 2020-ல் விதியைத் திருத்தி, லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ளவர்களுக்கு வழிவிட்டது நல்ல காரியம். இன்னொன்று, ஆன்லைனில் விற்கும் நிறக்குருட்டுக் கண்ணாடிகள். அவை நடு அலையும் நெட்டலையும் ஒன்றின் மேல் ஒன்று விழும் பகுதியின் ஒளியை வெட்டுகின்றன. சிலருக்குச் சில நிறங்கள் எடுப்பாகத் தெரியலாம். இல்லாத நிறமியை எந்தக் கண்ணாடியாலும் தர முடியாது. விளம்பர வீடியோவில் அழுபவர்களைப் பார்த்துக் காசு செலவழிக்காதீர்கள்.

அப்புறம் கேரட். கேரட்டின் ஆரஞ்சு நிறம் பீட்டா கரோட்டின். உடம்புக்குள் அதை நடுவில் வெட்டினால் இரண்டு ரெட்டினல். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, மாம்பழம், பப்பாளி எல்லாவற்றிலும் இது உண்டு; ஈரலில் வைட்டமின் ஏ ஆகவே இருக்கிறது. நம் உடம்பால் ரெட்டினலைச் சொந்தமாகச் செய்ய முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். வெளிச்சத்தில் நிமிர்ந்துபோன ரெட்டினல் ஆப்சினிலிருந்து கழன்று, பின்னால் இருக்கும் நிறமி அடுக்குக்குப் போய், மறுபடி வளைக்கப்பட்டுத் திரும்புகிறது. வெயிலிலிருந்து தியேட்டருக்குள் போனால் முதலில் ஒன்றும் தெரியாமல் பிறகு மெல்ல மெல்லத் தெரிவது இந்தப் பழுதுபார்ப்பின் வேகம்தான். கூம்புகளுக்குச் சுமார் 10 நிமிடம், குச்சிகள் முழுசாகத் தேற அரை மணிக்கு மேல். வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் அடிபடுவது குச்சிகள். மாலைக்கண் வருவது அதனால். குறைபாடு முற்றினால் கண் வறண்டு பார்வையே போகும், குழந்தைகளின் உயிருக்கும் ஆபத்து. திருச்சி மாவட்டத்தில் 15,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடந்து 1990-ல் வெளியான ஆய்வில், வாரம் ஒரு சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்த குழந்தைகளிடம் இறப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஆகவே கீரை சாப்பிடுங்கள், சந்தேகமே வேண்டாம். ஆனால் நிறக்குருட்டில் பிழை ரெட்டினலில் இல்லை, ஆப்சினின் மரபணுவில் இருக்கிறது. வண்டிவண்டியாகக் கேரட் தின்றாலும் 180-ஆவது இடத்து அமினோ அமிலம் மாறாது. அளவு மீறினால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான்.

மற்ற உயிர்கள் இதே இரண்டு பாகங்களை வைத்து என்னென்ன செய்திருக்கின்றன என்று பார்த்தால் அசந்துபோவோம். தேனீக்குப் புற ஊதா, நீலம், பச்சை என மூன்று. சிவப்புப் பக்கம் அதற்கு இருட்டு. பறவைகளுக்கு நான்கு, அதற்கு மேல் பெரும்பாலான கூம்புகளில் ஒரு வண்ண எண்ணெய்த் துளி வடிகட்டியாக. நாய்க்கு இரண்டு, மானுக்கும் இரண்டு. ஆரஞ்சுப் புலி மானின் கண்ணுக்குப் புதரோடு புதராகத் தெரிய அதுவே காரணம். சால்மன் மீன் இன்னும் கெட்டிக்காரத்தனம்: ஆப்சினைத் தொடாமல் ரெட்டினலில் ஓர் இரட்டைப் பிணைப்பைக் கூட்டிக்கொள்கிறது. கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும்போது இப்படிச் செய்வதால் மொத்த நிறமிகளும் சிவப்புப் பக்கம் நகர்கின்றன. கலங்கலான ஆற்று நீருக்கு அது தோது. மாலகோஸ்டியஸ் என்ற ஆழ்கடல் மீன் பச்சையத்திலிருந்து வந்த ஒரு பொருளைக் கண்ணில் சேர்த்துவைத்து, அந்த ஆழத்தில் பெரும்பாலான மீன்களுக்குத் தெரியாத சிவப்பு ஒளியைப் பார்க்கிறது. நிறமி எண்ணிக்கை கூடினால் பார்வை கூடும் என்று நினைப்பவர்களுக்கு மாண்டிஸ் இறால் ஒரு பாடம். நிறத்துக்கே 12 வகை உணர்விகள் உள்ள அந்த உயிரினம், அருகருகே உள்ள நிறங்களைப் பிரிப்பதில் நம்மைவிட மோசம் என்று 2014-ல் வந்த சோதனை காட்டியது. அது நம்மைப் போல ஒப்பிட்டுக் கழிப்பதாகத் தெரியவில்லை.

நமக்கு மூன்று வந்ததும் ஒரு சுற்றுவழிக் கதை. முதுகெலும்புள்ள விலங்குகளின் மூதாதைகளுக்கு நான்கு வகைக் கூம்பு நிறமிகள் இருந்தன. டைனோசர் காலத்தில் இரவில் மட்டும் நடமாடிய பாலூட்டிகள் இரண்டைத் தொலைத்துவிட்டன. பின்னர் 3, 4 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசிய-ஆப்பிரிக்கக் குரங்குகளின் மூதாதை ஒன்றில் எக்ஸ் குரோமோசோமின் மரபணு இரட்டித்து, இரண்டும் மெல்ல விலகி, நடு அலையும் நெட்டலையும் ஆயின. இரண்டு ஆப்சின்களுக்கும் உள்ள 96 சதவீத ஒற்றுமையும், வரிசை தவறிப் பொருந்தும் வம்பும் அந்த அவசர இரட்டிப்பின் மிச்சம்தான்.

தென் அமெரிக்க அணில் குரங்குகளில் அது நடக்கவில்லை. அவற்றில் ஆண்கள் எல்லாம் இரண்டு நிறமிக்காரர்கள். இரண்டு எக்ஸிலும் வேறுவேறு ஆப்சின் கிடைத்த பெண்களுக்கு மட்டும் மூன்று. ஜே, மௌரீன் நெய்ட்ஸ் தம்பதியின் ஆய்வகம் வளர்ந்த ஆண் குரங்குகள் இரண்டின் விழித்திரையில், மனித நெட்டலை ஆப்சினின் மரபணுவை ஒரு வைரஸின் வழியாகச் செலுத்தியது. ஒரு குரங்கின் பெயரே டால்டன். சுமார் 20 வாரம் கழித்து, அதுவரை அவற்றால் பார்க்க முடியாத சிவப்பு, பச்சைப் புள்ளிக் கூட்டத்தைத் திரையில் சரியாகத் தொட ஆரம்பித்தன. 2009-ல் முடிவு வெளியானது. புதிய நிறமி வந்ததும், ஏற்கெனவே இருந்த நரம்புச் சுற்றே அந்த வித்தியாசத்தைப் பயன்படுத்திக்கொண்டது. மூளை இளமையிலேயே பழகியிருக்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியம்.

மனிதரில் சிவப்பு-பச்சைக் குறைபாட்டுக்கு இப்படி ஒரு சிகிச்சை இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. விழித்திரைக்கு அடியில் ஊசி போட வேண்டிய சிகிச்சை அது. ரெட்டினலை மறுபடி வளைக்கும் நொதி இல்லாமல் பிறந்து பார்வையே மங்கிப்போகும் குழந்தைகளுக்கு அமெரிக்காவில் 2017-ல் அதே முறையில் ஒரு மருந்துக்கு அனுமதி கிடைத்தது, அவர்களுக்கு அந்த ஆபத்தை ஏற்பதில் அர்த்தம் உண்டு. நன்றாகப் படித்து, வண்டி ஓட்டி, வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர், பழுத்த மிளகாயும் பச்சை மிளகாயும் சுலபமாகப் பிரிந்து தெரிய வேண்டும் என்பதற்காகக் கண்ணில் ஊசி போட்டுக்கொள்வாரா என்பது அவரவர் முடிவு. என்னைக் கேட்டால், இப்போதைக்கு ஒரு நல்ல கண் மருத்துவரிடம் குறைபாடு எந்த வகை, எவ்வளவு என்று முறையாக அளந்து தெரிந்துகொள்வதே போதும் என்பேன்.